கதவைத் தட்டியது யார்? கொப்பன்ஹேகனில் பிறந்த ஒரு கணினியின் கதை

சின்ன வயதில் எனக்கு வீட்டில் ஒரு வேலை இருந்தது. சம்பளம் இல்லாத வேலை. உங்களில் பலருக்கும் அது இருந்திருக்கும்.

அறையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருப்பேன். பாதியில் அப்பாவின் குரல் வரும். "பிள்ளை, ஒருக்கா இஞ்ச வா. கொமூனிலயிருந்து கடிதம் வந்திருக்கு. என்னெண்டு வாசிச்சுச் சொல்லு." பென்சிலை வைத்துவிட்டு ஓடுவேன். வாசித்துச் சொல்லிவிட்டுத் திரும்பினால், கணக்கில் எந்த வரியில் நின்றேன் என்பது மறந்திருக்கும். முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதற்குள் தொலைபேசி அடிக்கும். பல் வைத்தியரிடமிருந்து வந்த அழைப்பாக இருக்கும், அதற்கும் நான்தான்.

சில மாதங்களில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூப்பிட்ட உடனே எழும்பாமல், நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு எழும்புவேன். திரும்பி வந்ததும் புள்ளியைத் தேடி, அங்கிருந்து தொடருவேன்.

கணினியும் அதைத்தான் செய்கிறது என்று பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். அதைவிட ஆச்சரியம், அந்த வேலையை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமான ஒருவர் நம்முடைய டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவர் என்பதுதான். பள்ளிக்கூடத்தில் நீல்ஸ் போரைப் பற்றியும் அனசனைப் பற்றியும் படிக்கிறோம். இவரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

குறுக்கீடு என்றால் என்ன?

நீங்கள் ஒரு விசையை அழுத்துகிறீர்கள். அந்த நேரத்தில் கணினியின் செயலி வேறு ஏதோ கணக்கில் மூழ்கியிருக்கும். விசைப்பலகை அதற்கு ஒரு சமிக்ஞை அனுப்பும்: "என்னிடம் ஒரு எழுத்து இருக்கிறது, வந்து எடு." இதற்குப் பெயர் குறுக்கீடு. செயலி தான் நின்ற இடத்தைக் குறித்துவைக்கும். தட்டியது யார் என்று பார்க்கும். அந்தச் சாதனத்துக்கென்று எழுதப்பட்ட சின்ன நிரலை ஓட்டும். பிறகு நின்ற இடத்துக்குத் திரும்பும். வலையமைப்பு அட்டை, ஒலி அட்டை, வட்டு, கடிகாரம் எல்லாம் இப்படித்தான் தட்டுகின்றன. ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான தட்டல்கள் வரலாம்.

இவற்றையெல்லாம் மேற்பார்க்கும் பகுதிக்குக் கேர்னல் என்று பெயர். இயங்குதளத்தின் நடுப்பகுதி அது. எந்தத் தட்டல் எந்தச் சாதனத்தினுடையது, அதை எந்த நிரலிடம் கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் 2005இல் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் பழைய கணினியும் 11ஆம் கம்பியும்

தெரிந்த ஒரு மாமா தன் பழைய கணினியை எனக்குத் தந்தார். அதில் லினக்ஸ் போட்டேன். எல்லாம் சரி. ஆனால் பாட்டுப் போட்டால் இரண்டு நிமிடத்தில் இணையம் செத்துவிடும். கொஞ்ச நேரத்தில் பாட்டும் நின்றுவிடும். திரையில் ஒரு வரி: 11ஆம் இலக்கக் குறுக்கீட்டை ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்து இன்னொரு வரி: 11ஆம் இலக்கத்தை நிறுத்துகிறேன்.

வலையமைப்பு அட்டை பழுது என்று நினைத்தேன். இல்லை. ஒலி அட்டை பழுதா? அதுவும் இல்லை. பழுது இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

1981இல் வந்த முதல் ஐபிஎம் தனியாள் கணினியில் குறுக்கீட்டுக்கு எட்டுக் கம்பிகள்தான் இருந்தன. 1984இல் வந்த அடுத்த மாதிரியில் இரண்டு சில்லுகளைக் கோத்து 15 ஆக்கினார்கள். கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1 என்று பலதும் முன்கூட்டியே போய்விட்டன. மிச்சம் இருந்த சில இலக்கங்களுக்கு ஒலி அட்டையும் அச்சுப்பொறியும் சண்டை பிடித்தன. அந்தக் காலத்தில் அட்டையிலிருந்த சின்னச் செருகியைக் கையால் மாற்றித்தான் இலக்கத்தை மாற்ற வேண்டும்.

பிறகு 1990களில் பிசிஐ என்ற துவாரங்கள் வந்தன. இவற்றில் பல அட்டைகள் ஒரே கம்பியைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். ஒரு மாடிக் கட்டடத்தில் நாலு வீட்டுக்கும் ஒரே அழைப்பு மணி இருப்பதுபோல. மணி அடித்தால் ஒவ்வொரு வீட்டையும் கேட்க வேண்டும்: "உங்களுக்கா?" எந்தத் துவாரம் எந்தக் கம்பியில் போய்ச் சேருகிறது என்ற அட்டவணையைத் தாய்ப்பலகையைச் செய்தவர்கள் அதன் நினைவகத்தில் எழுதிவைப்பார்கள். கேர்னல் அந்த அட்டவணையை நம்புகிறது.

அட்டவணை பிழையாக இருந்தால்? என் கணினியில் அதுதான் நடந்தது. ஒலி அட்டை 11ஆம் கம்பியைத் தட்டியது. அட்டவணையோ அது வேறு கம்பியில் இருக்கிறது என்றது. ஆகவே கேர்னல் 11இல் இருந்த வலையமைப்பு அட்டையிடம் மட்டும் போய்க் கேட்டது. "நான் இல்லை" என்றது அது. இந்தக் கம்பியில் ஒரு குணம் உண்டு: கேட்டவரின் வேலை முடியும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே மறுபடியும் மணி, மறுபடியும் "நான் இல்லை". லினக்ஸ் கேர்னல் இதை எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு கம்பியில் வந்த 100,000 தட்டல்களில் 99,900க்கு மேல் எவரும் உரிமை கோராவிட்டால், அந்தக் கம்பியையே மூடிவிடும். இல்லாவிட்டால் கணினி மணிக்குப் பதில் சொல்வதைத் தவிர வேறொன்றும் செய்யாது. கம்பியை மூடியதும், ஒரு பிழையும் செய்யாத வலையமைப்பு அட்டையும் வாயடைத்துப் போனது.

இப்படியான பழுதைத் தேடும்போது மூன்று கேள்விகள் போதும். தட்டல் வருகிறதா? வந்தால் சரியான ஆளிடம் போகிறதா? போன இடத்தில் யாராவது வேலையை முடித்து மணியை நிறுத்துகிறார்களா? லினக்ஸில் 'ப்ராக்' என்ற கோப்பகத்தில் 'இன்டரப்ட்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு கம்பியிலும் எத்தனை தட்டல், அதில் யார் யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். எண்ணிக்கை அசையாமல் நின்றால் தட்டல் வரவில்லை. பேய்வேகத்தில் ஏறினால் மணியை எவரும் நிறுத்தவில்லை. எனக்கு 11ஆம் வரி பேய்வேகத்தில் ஏறியது. கடைசியில் ஒலி அட்டையைக் கழற்றி அடுத்த துவாரத்தில் செருகினேன். துவாரம் மாறினால் கம்பியும் மாறும். அந்தத் துவாரத்துக்கு அட்டவணை சரியாக இருந்தது. பாட்டும் இணையமும் ஒன்றாக ஓடின.

பயந்துபோன ஒரு மேதை

இந்தத் தலையிடி கணினிகளோடு கூடப் பிறந்தது. 1950களின் கடைசியில் நெதர்லாந்தில் எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். லூப்ஸ்ட்ரா, ஸ்கோல்ட்டன் என்ற இரண்டு வன்பொருள் ஆட்கள் அதில் குறுக்கீட்டு வசதியைச் சேர்க்க விரும்பினார்கள். மென்பொருள் எழுத வேண்டியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் பயந்துபோனார்.

ஏன்? அதுவரை ஒரு நிரலில் பிழை இருந்தால், அதே நிரலைத் திரும்ப ஓட்டினால் அதே பிழை அதே இடத்தில் வரும். உட்கார்ந்து தேடலாம். குறுக்கீடு எந்தக் கணத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் தரம் ஒழுங்காக ஓடிய நிரல், ஆயிரத்து ஓராவது தரம் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஒரு தட்டல் விழுந்ததால் குழம்பும். திரும்ப ஓட்டிப் பார்த்தால் பிழை வராது. பிழை நிரலில் இருக்கிறதா, இயந்திரத்தில் இருக்கிறதா என்றே சொல்ல முடியாது. டைக்ஸ்ட்ரா சில மாதங்கள் இழுத்தடித்தார். பிறகு ஒத்துக்கொண்டு, குறுக்கீடுகளைக் கையாளும் நிரலை எழுதினார். 1959இல் வந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வு அதைப் பற்றியதுதான்.

வல்பியில் ஒரு வீடு

இதே காலத்தில் டென்மார்க் என்ன செய்துகொண்டிருந்தது? 1955இல் ரைனசென்ட்ராலன் என்ற நிறுவனம் தொடங்கியது. பெயருக்குக் 'கணிப்பு மையம்' என்றுதான் பொருள். கொப்பன்ஹேகனின் வல்பியில், பியரகோஸ்வை 5ஆம் இலக்கத்தில் இருந்த ஒரு பெரிய வீட்டில் அவர்கள் டென்மார்க்கின் முதல் கணினியான டாஸ்க்கைக் கட்டினார்கள். அதன் நிறை மூன்றரைத் தொன். வீட்டின் தளத்தையே பலப்படுத்த வேண்டி வந்தது.

அடுத்து 1961இல் கியர் என்ற சிறிய கணினி வந்தது. நீல்ஸ் ஈவர் பெக் என்ற இயக்குநர் கெட்டிக்கார இளைஞர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் விரும்பியதைச் செய்யவிட்டார். வானியல் படித்த பீட்டர் நௌர் அப்படி வந்தவர்களில் ஒருவர். கணினியியலுக்கு நாம் டெனிஷில் சொல்லும் 'டேட்டலொகி' என்ற சொல் அவர் உருவாக்கியது. 2005இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

1963இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் நம் கதையின் நாயகன், பெர் பிரின்க் ஹான்சன். 1938இல் பிரெடரிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர். படித்தது மின்பொறியியல்.

போலந்தில் ஒரு உரத் தொழிற்சாலை

போலந்தில் புவாவி என்ற ஊரில் ஒரு பெரிய உரத் தொழிற்சாலை. அதைக் கண்காணிக்க ஒரு கணினி வேண்டும் என்று ரைனசென்ட்ராலனுக்கு வேலை வந்தது. இப்படிப் பிறந்ததுதான் ஆர்சி 4000.

தொழிற்சாலைக் கணினிக்கு ஓய்வு கிடையாது. வெப்பமும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். அளவிட வேண்டும், அச்சிட வேண்டும், மேற்பார்வையாளர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே செயலியில், எல்லாம் குறுக்கீடுகளாக. இங்கே ஒரு தட்டலைத் தவறவிடுவது பாட்டு நிற்பது போன்ற சின்ன விஷயம் இல்லை.

புவாவிக்கான மென்பொருளைப் பிரின்க் ஹான்சனோடு சேர்ந்து எழுதியவர்கள் இருவர். ஒருவர் பீட்டர் கிராஃப்ட். மற்றவருக்கு அப்போது 17 வயது. ஹங்கேரியைச் சேர்ந்த அந்தப் பெடியனின் பெயர் சார்ல்ஸ் சிமோனி. புடாபெஸ்டில் ஒரு கணினிக் கூடத்தில் இரவுக் காவல் வேலை பார்த்துக்கொண்டே ரஷ்யக் கணினியொன்றில் நிரல் எழுதப் பழகியவர். 1966இல் குறுகிய கால விசாவில் கொப்பன்ஹேகனுக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை.

தனியாக, பாஷை தெரியாத நாட்டில், 17 வயதில். நம்முடைய அப்பாக்களின் கதைபோலவே இருக்கிறது, இல்லையா? சிமோனி 1968இல் அமெரிக்காவுக்குப் போனார். பிறகு மைக்ரோசொஃப்டில் வேர்ட், எக்செல் உருவான குழுக்களை நடத்தினார். 2007இலும் 2009இலும் சொந்தக் காசில் விண்வெளிக்குப் போய்வந்தார்.

தட்டலைக் கடிதமாக்கியவர்

புவாவி வேலை முடிந்ததும் பிரின்க் ஹான்சனுக்கு ஒரு பிரச்சினை தெரிந்தது. ஆர்சி 4000ஐ வாங்கும் ஒவ்வொருவருக்கும் தேவை வேறு. ஒருவருக்குத் தொழிற்சாலை, இன்னொருவருக்கு ஆராய்ச்சி. ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து புதிய இயங்குதளம் எழுத முடியுமா? ஒவ்வொன்றிலும் குறுக்கீட்டுப் பிழைகளை மறுபடி தேட முடியுமா?

அவரும் யோர்ன் யென்சன், சேரன் லௌசன் ஆகிய சக ஊழியர்களும் 1969இல் முடித்த பதில் இது. நடுவில் மிகச் சிறிய ஒரு கருவை மட்டும் வையுங்கள். குறுக்கீடுகள், உள்ளீடு, வெளியீடு, நினைவகப் பாதுகாப்பு ஆகியவை முழுவதும் அதன் கையில். வேறு எந்த நிரலும் குறுக்கீட்டைத் தொடக்கூடாது. மற்ற நிரல்கள் எல்லாம் தனித்தனி வீடுகள். அவை ஒன்றோடொன்று பேச நான்கு வழிகள்தான்: செய்தி அனுப்பு, செய்திக்குக் காத்திரு, பதில் அனுப்பு, பதிலுக்குக் காத்திரு.

சாதனங்களும் இப்படித்தான். அச்சுப்பொறிக்கு வேலை கொடுக்க வேண்டுமா? ஒரு நிரலுக்கு அனுப்புவதுபோல அதற்கும் செய்தி அனுப்பு. வேலை முடிந்து சாதனம் தட்டும்போது, கரு அந்தத் தட்டலைப் பிடித்து ஒரு பதிலாக மாற்றி, கேட்டவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். எந்தக் கணத்தில் விழும் என்று தெரியாத அதிர்ச்சி, பெட்டியில் காத்திருக்கும் கடிதமாக மாறிவிட்டது. எடுக்க ஆயத்தமானபோது எடுக்கலாம்.

டைக்ஸ்ட்ராவைப் பயமுறுத்திய பேயை ஒரு சின்ன அறைக்குள் பூட்டியதுபோல இது. நேரத்தோடு விளையாடும் பிழை வந்தால், அது இருக்கக்கூடிய இடம் சிறியது. தேடி முடிக்கலாம். குறையும் இருந்தது. செய்திகளை வைக்கும் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு நிரல் அவற்றை அளவுக்கு மேல் பிடித்துக்கொண்டால் மற்றவை தவிக்கும்.

1970 ஏப்ரலில் இதை விவரிக்கும் அவருடைய கட்டுரை அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. அதே வருடம் அவர் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அவரும் புலம்பெயர்ந்தவர்தான். இயங்குதளங்களின் அடிப்படைகளைப் பற்றி 1973இல் ஒரு பாடநூல் எழுதினார். 1975இல் கன்கரன்ட் பஸ்கால் என்ற மொழியை உருவாக்கினார். இப்படியான பிழைகளில் பலவற்றை நிரல் ஓடுவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2007இல் காலமானார்.

அவருடைய எண்ணம் சாகவில்லை. ஆம்ஸ்டர்டாமில் அன்ட்ரூ டனன்பாம் 1987இல் மாணவர்களுக்காக எழுதிய மினிக்ஸ், குறுக்கீடுகளைச் செய்திகளாக மாற்றியது. ஹெல்சிங்கியில் அந்த மினிக்ஸை வைத்துக்கொண்டுதான் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் எழுதத் தொடங்கினார். அவர் செய்தி வழியைப் பின்பற்றவில்லை. அடுத்த வருடம் இருவரும் அதைப் பற்றிப் பகிரங்கமாகச் சண்டை பிடித்தார்கள். ஆனால் வன்பொருளே மெல்ல மெல்லச் செய்தி வழிக்கு வந்துவிட்டது. இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலான சாதனங்கள் கம்பியைத் தட்டுவதில்லை. குறித்த ஒரு நினைவக முகவரியில் ஒரு சின்ன எண்ணை எழுதுகின்றன. யார் எழுதினார் என்பது அந்த எண்ணிலேயே இருக்கும். ஆகவே நாலு வீட்டுக்கு ஒரு மணி தேவையில்லை. ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரிலும் 'செய்தி' என்ற சொல் இருக்கிறது.

மூடிவைத்த கம்பி

ஒரு விஷயம் பாக்கி. செயலி ஒரு குறுக்கீட்டைத் தற்காலிகமாகப் பார்க்காமல் விடலாம். அவசர வேலையில் இருக்கும்போது இது தேவை. கம்பிக்கு முகமூடி போடுவது என்பார்கள். ஆபத்து என்னவென்றால், சாதனத்துக்கு இது தெரியாது. "முடியாது" என்று பதில் வந்தால் வேறு வழி பார்க்கலாம். பதிலே வராதபோது, காத்திருப்பதா, கைவிடப்பட்டோமா என்று அதற்குத் தெரியாது. முகமூடியை எடுக்க மறந்த நிரல்கள், பழுது தேடுபவர்களுக்குப் பெரிய தலையிடி. எங்கும் ஒரு பிழைச் செய்தியும் இருக்காது.

இதைப் படித்தபோது எனக்குத் தமிழ்சேயன் ஞாபகம் வந்தது. நம்முடைய பெயரைத் தாங்கிய வழக்கு. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகள் தங்கள் மனைவி பிள்ளைகளை அழைப்பதற்குப் போட்ட விண்ணப்பங்களை முன்னெடுக்காமல் வைக்கச் செய்தார். அந்த உரிமையைச் சட்டமே கொடுத்திருந்தது. விண்ணப்பங்கள் மறுக்கப்படவில்லை. மறுத்திருந்தால் எதிர்த்து முறையிட்டிருக்கலாம். வெறுமனே எடுக்கப்படவில்லை. யுத்தத்துக்குள் இருந்த குடும்பங்கள் காத்திருந்தன.

அங்கும் பிழையைக் கண்டுபிடித்தவர்கள் பதிவேடுகளைப் பார்த்தவர்கள்தான். எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது, எங்கே நின்றது? ஓம்புட்ஸ்மன் கேட்டார். பிறகு விசாரணை நடந்தது. 1993 ஜனவரியில் ஏறக்குறைய 6000 பக்க அறிக்கை வந்தபோது பிரதமர் போல் ஸ்லூத்தரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் ரைக்ஸ்ரெட் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்று தீர்த்து, நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

கணினியும் அரசாங்கமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கம்பியை மூடியவருக்கு எண்ணம் கிடையாது, அமைச்சருக்கு இருந்தது. ஆனால் தேடும் முறை ஒன்றுதான். பதில் வராவிட்டால், கேட்டவரில் பிழை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அந்தக் கம்பியின் மறுமுனைக்குப் போய், யார் பதிவு செய்திருக்கிறார்கள், எண்ணிக்கை அசைகிறதா என்று பாருங்கள். என் வலையமைப்பு அட்டையைக் குப்பையில் போடுவதற்குக் கிட்டப் போனவன் நான்.

இந்த வார இறுதியில் வீட்டில் பழைய கணினி இருந்தால் லினக்ஸ் போட்டு, நான் சொன்ன அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். விசைப்பலகையின் வரியைக் கண்டுபிடியுங்கள். ஒரு விசையை அழுத்திவிட்டுத் திரும்பவும் பாருங்கள். எண் கூடியிருக்கும். அந்த எண்ணைக் கூட்டியது உங்கள் விரல்தான்.

எங்கள் வீட்டில் இப்போதும் தொலைபேசி அடிக்கிறது. "தம்பி, வேலையா இருக்கிறியோ? ஒரு மின்னஞ்சல் வந்திருக்கு, என்னெண்டு விளங்கேல்ல." நான் அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் நிரலில், நின்ற வரியில் ஒரு குறிப்பு வைக்கிறேன். "சொல்லுங்கோ அப்பா, வாசியுங்கோ" என்கிறேன்.